இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மனைவிக்கு,

நானும் மகளும் நலம். உன் தங்கை ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவளிடம் நலமா என்று கேட்பது அசட்டுத்தனம், அதனால் கேட்கவில்லை. போனில் பேசலாம் என்றால் உன் தங்கை எடுத்த எடுப்பிலேயே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் நான்கு வார்த்தை பதில் சொல்கிறாள். நடுவில் பக்கத்துக் கட்டில் அம்மா வேறு கருத்து சொல்கிறார். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் நான் உனக்குக் கடிதம் எழுதியதே இல்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டுச் செய்தி முதலில். மகளுக்குத் தேர்வு முடிந்தது. கணக்குப் பரீட்சை எப்படி என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். சமையலை நானும் அவளும் முறை வைத்துச் செய்கிறோம். என் முறை வருகிற நாளில் அவளுக்குப் பசிப்பதில்லை. உன் தையல் மெஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன். நீ பாதியில் விட்டுப் போன சீருடை மூட்டையைத் தையற்கூடத்து முதலாளியம்மா ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். உன் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்த வருட வெயில் ஆளைத் தின்கிறது. ரொட்டி வண்டியின் ஸ்டீயரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிக்கிறேன். பின்னால் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டித் தட்டுகளின் சூடு, முன்னால் கண்ணாடி வழியாக வெயில். நடுவில் நான் வெந்துகொண்டிருக்கிறேன்.

நேற்று முன்தினம் மகள் பேனா வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். திரும்பி வந்து, “மருந்துக்கடை அங்கிள் அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டாருப்பா, எடை எவ்வளவுன்னு கேட்டாரு” என்றாள். ஆறு நாளில் இது இரண்டாவது தடவை. உன்னை விசாரிக்கிறவர்கள் எத்தனையோ பேர். உன்னோடு தைக்கிற பெண்கள், நான் ரொட்டி போடுகிற கடைக்காரர்கள், மாடி வீட்டு ரிட்டயர்டு தபால்காரர். அவர்களில் ஒருவரும் உன் எடையைக் கேட்கவில்லை.

உன் எடை எனக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியவில்லை. தெரியல அங்கிள் என்றாளாம். அதற்கு அவர், “கடைசியா வந்தப்போ நாப்பத்தொம்பது இருந்தாங்க” என்றாராம். கட்டிய புருஷனுக்குத் தெரியாதது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

இதைப் பேச வேண்டும் என்றுதான் கடிதம். நேரில் ஆரம்பித்தால் நீ எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாய். அங்கே கட்டிலை விட்டு எங்கே போவாய்.

சென்ற வருடம் உனக்கு அந்த வலி வந்ததை நான் மறக்கவில்லை. மேல் வயிற்றில் தொடங்கி முதுகு வரைக்கும் குத்துகிறது என்றாய். முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தபடியே விடியும்வரை இருந்தாய். கணையம் என்று டாக்டர் சொன்னபோது நம் இருவருக்குமே அந்த வார்த்தை புதிது. குடிப்பழக்கம் உண்டா என்று உன்னைக் கேட்டார். நீ இல்லை என்றதும் திரும்பி என்னைப் பார்த்தார், நான் குடித்தது உன் வயிற்றுக்குள் போய்விட்ட மாதிரி. குழாயில் கல் இருக்கிறது, சுரப்பி சுருங்கிவிட்டது, சாப்பாட்டைக் கரைக்கிற நொதிகள் அங்கே ஊறுவதில்லை, அதை மாத்திரையாக வெளியிலிருந்து கொடுக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. மீதியை நீ பார்த்துக்கொள்வாய் என்று இருந்துவிட்டேன்.

பிறகு நீ மாறினாய். சொல்லட்டுமா? முதலில் மகள் அறைக்குப் படுக்கையை மாற்றினாய். அவளுக்குப் பயமாக இருக்கிறதாம் என்றாய். பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் திடீரென்று என்ன பயம்? கழிப்பறைக்குப் போனால் அரை மணி நேரம், அதுவும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. வீட்டில் எங்கே பார்த்தாலும் வாசனை ஸ்ப்ரே. வெளியே சாப்பிடக் கூப்பிட்டால் தலைவலி. என் மாமா பெண் கல்யாணத்துக்குக்கூட வர மாட்டேன் என்றாய். ஒருத்தி இப்படியெல்லாம் செய்தால் புருஷன் மனதில் என்ன ஓடும் என்று நீயே சொல்.

அப்புறம் ஒன்றிரண்டு மாதத்தில் உன் முகம் தெளிந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மெஷினை மிதித்தாய். நான் தினமும் கொண்டு வருகிற வெண்ணெய் பன்தான் உன்னைத் தேற்றுகிறது என்று பேக்கரியில் மாவு பிசைகிறவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். ஒருநாள் சாப்பிடும்போது மகள் கேட்டாள், ஏம்மா சாப்பாட்டுக்கு நடுவுல மாத்திரை போடுற என்று. நீ சிரித்தபடி சொன்னாய், “அவருதான் சொன்னாரு, முதல் வாயோட ஒண்ணு, பாதியில ஒண்ணு.”

இந்த வீட்டில் பதினேழு வருடமாக ‘அவர்’ என்றால் நான். பால்காரரிடமும் சரி, உன் அம்மாவிடமும் சரி, அவரு வந்ததும் கேட்டுச் சொல்றேன் என்றால் அது நான்தான். அன்று நீ அவர் என்றதும் நான் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். இப்படி எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். எந்த அவர் என்று கேட்டேன். மருந்துக்கடைக்காரர் என்றாய், தண்ணீரைக் குடித்துக்கொண்டே. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை நீ கவனிக்கவில்லை.

அந்த வாரமே சில்லறைக்காக உன் பர்ஸைத் திறந்தபோது அந்தச் சீட்டு இருந்தது. கடை ரசீதின் பின்பக்கம். பேனாவால் ஒரு வயிறு, அதற்குப் பின்னால் மீன் படுத்திருப்பது போல ஒன்று, கணையமாக இருக்கும். கீழே அச்சடித்த மாதிரி எழுத்தில், ‘முதல் வாயோடு ஒன்று. பாதியில் ஒன்று. மறக்கக் கூடாது.’ அதை நான்காக மடித்து மகளுடைய குழந்தைப் படத்துக்குப் பக்கத்தில் சொருகியிருந்தாய். என் கையெழுத்தில் உன் பர்ஸில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. பர்ஸின் எல்லா அறையையும் தேடிப் பார்த்தேன்.

அதனால்தான் மறுநாள் காலையில், இனிமேல் மருந்தை நான் வாங்கிக்கொண்டு வருகிறேன், உனக்கு எதற்கு அலைச்சல் என்றேன். கடை நம் தெருமுனையில்தான் இருக்கிறது, அலைச்சல் ஒன்றும் இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு சரி என்றாய். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நேற்று உன் தங்கை சொன்னாள், பரிசோதனையில் நீ சாப்பிடுகிற கொழுப்பெல்லாம் அப்படியே வெளியே போகிறதாம், உடம்பில் ஒன்றும் ஒட்டவில்லையாம். ஒழுங்காக மாத்திரை போடுகிற ஆளுக்கு இப்படி வராது, நீ போடாமலே போட்டதாகச் சொல்கிறாய் என்கிறாராம் பெரிய டாக்டர். உன் தங்கையும் அதை நம்புகிறாள் போலிருக்கிறது. எனக்கு உண்மையைச் சொல். நான்கு மாதமாக நான் கொண்டுவந்து கொடுத்த மாத்திரையை நீ போட்டாயா? இல்லை, கொடுக்கிற கை மாறியதும் மருந்தே வேண்டாம் என்று தோன்றிவிட்டதா?

மகள் உனக்கு முத்தம் கொடுத்ததாகச் சொல்லச் சொன்னாள். பதில் போடு.

இப்படிக்கு,
உன் கணவன்


ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மனைவிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இரண்டே வரி. ‘நீங்க குடுத்த மாத்திரை ஒண்ணு விடாம போட்டேன். உங்க கையால குடுத்ததுன்னு ஆசையாத்தான் போட்டேன்.’ அதற்குக் கீழே கையெழுத்துகூட இல்லை. உன்னை எனக்குத் தெரியும். கோபத்தில் பேசாமல் இருப்பாயே தவிர, பொய் சொல்ல மாட்டாய்.

அன்றைக்கே உன் தங்கை போன் செய்தாள். மருந்து வேலை செய்யவில்லை என்றால் நோய் முற்றிவிட்டது என்றுதான் அர்த்தமாம், திங்கட்கிழமை வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கப்போகிறார்களாம், தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க வேண்டி வருமாம். உன் எடையைக் கேட்டேன். நாற்பத்திரண்டு என்றாள். எனக்குத் தெரிந்துகொள்ள இத்தனை நாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் ரொட்டி வண்டியை நேராகக் கொண்டுபோய் மருந்துக்கடை வாசலில் நிறுத்தினேன். சண்டை போடத்தான் போனேன், உன்னிடம் மறைப்பானேன். இத்தனை நாளும் தெருவில் போகிறபோது தூரத்திலிருந்துதான் அவரைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போய் நின்றது அன்றுதான். மூக்கு நுனியில் கண்ணாடி, முன்தலையில் முடி கிடையாது, சட்டைப் பையில் மூன்று பேனா, அதில் ஒன்றுக்கு மூடி இல்லாமல் பை முழுக்க மை ஊறியிருந்தது. இவரா என்று ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். குழந்தை எப்போதிலிருந்து இருமுகிறது, படுத்தால் கூடுகிறதா, பால் குடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் பேசி முடிக்கும்வரை கையில் இருந்த பாட்டிலைக்கூடக் கீழே வைக்கவில்லை. என் ஆறுதல் போய்விட்டது. ஆள் அழகாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். பொறுமையாகக் கேட்கிற மனுஷனோடு எப்படிப் போட்டி போடுவது?

அந்தப் பெண் போனதும், “என் பொண்டாட்டி எடை உங்களுக்கு எதுக்குத் தெரியணும்?” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் யார் என்று தெரிந்துகொண்டார். “எப்படி இருக்காங்க? எடை எவ்வளவு?” என்றார். மறுபடியும் அதே கேள்வி. கண்ணாடிப் பெட்டி குறுக்கே இல்லையென்றால் கையை ஓங்கியிருப்பேன். நாற்பத்திரண்டு என்றேன். அவர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எடை குறைஞ்சா மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தம்ங்க. நாலு மாசமா வரவே இல்லையே. மருந்தை நிறுத்திட்டாங்களோன்னு பயந்தேன்.”

“யாரும் நிறுத்தலை. நான் வாங்கித் தர்றேன். டவுன்ல பெரிய கடையில, மூணு டப்பா மொத்தமா.” இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

“வாங்கினதும் வீட்டுக்குக் கொண்டு போயிடுவீங்களா?”

இதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. டப்பா மூன்றையும் மொத்தமாக உன்னிடம் கொடுத்துவிட்டால் மூன்று மாதத்துக்கு உனக்கு என் ஞாபகம் வராது. அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எண்ணி எடுத்து, சின்னக் கவரில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காரும்போது உன் கையில் கொடுப்பேன். நீ வாங்கிக்கொண்டு என்னைப் பார்ப்பாய். அந்தப் பார்வைக்காகத்தான். மீதி மாத்திரை வண்டியில், ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கும் தட்டில் கிடக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில்.

வண்டியில வச்சிருக்கேன் என்றேன். அவர் எழுந்து, ஊசி மருந்து வைக்கிற குளிர்பெட்டியிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டிக் கதவைத் திறந்து, டப்பாவுக்குப் பக்கத்தில் அதை வைத்துக் கதவைச் சாத்தினார். இருவரும் நடைபாதையில் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் காட்டினார். ஐம்பதில் நின்றது. அதற்கு மேல் அந்தக் கருவியில் கோடு கிடையாது.

பிறகு டப்பாவைத் திருப்பி அடியில் பொடி எழுத்தைக் காட்டினார். இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே வைக்கவும். “உள்ள இருக்கிறது நொதிங்க. சூடு பட்டா செத்துப்போயிடும். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்துச் சொல்ல முடியாது. ஆனா இதை நம்பி ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது” என்றார்.

எனக்கு அவர் மேலே விளக்க வேண்டியிருக்கவில்லை. பேக்கரியில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், கொதிக்கிற தண்ணீரில் ஈஸ்டைப் போட்டால் மாவு எழும்பாது என்று. அது தெரிந்த நான், உன் உயிரை ரொட்டி வண்டியில் வைத்துச் சுட்டிருக்கிறேன். நீ ஒவ்வொரு வேளையும் முதல் வாயோடு ஒன்றும் பாதியில் ஒன்றுமாக, மறக்காமல், செத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் நான் கொடுத்த வெண்ணெய் பன்னையும் தின்றிருக்கிறாய்.

கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் கேட்காமல் போக முடியவில்லை. “அவ உடம்புக்கு என்னன்னு ஏன் உங்ககிட்ட சொன்னா? என்கிட்ட ஏன் சொல்லலை?” என்று கேட்டுவிட்டேன். நடுத்தெருவில், வெயிலில். வெட்கமாக இருந்தது.

“அவங்களா சொல்லலைங்க. பேதி நிக்கிற மாத்திரைக்கு ஒரே மாசத்துல நாலு தடவை வந்தாங்க. நான்தான் கேட்டேன், எண்ணெய் மாதிரி மிதக்குதா, தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குதா, நாத்தம் தாங்கலையான்னு. அழுதுட்டாங்க. கணைய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுட்டு இருந்திருக்காங்க. சோறு போறதுக்குள்ள மருந்து தாண்டிப் போயிடும். அதைத்தான் படம் போட்டுக் காட்டினேன்.” பிறகு சொன்னார், “கடைக்காரன்கிட்ட சொல்றது சுலபம்ங்க. சொல்லிட்டுத் திரும்பிப் போயிடலாம். உங்க பக்கத்துல தினம் படுக்கணுமே.”

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது. நீ மகள் அறைக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி. நான் போர்வையை உதறிக்கொண்டு எழுந்து, வீட்ல என்னமோ செத்துக் கிடக்கு, எலியா இருக்கும் என்று சொல்லி, டார்ச் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தேடினேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன். மறுநாள் உன் தலையணை இந்த அறையில் இல்லை. ஸ்ப்ரே, குழாய்ச் சத்தம், போகாத கல்யாணம் எல்லாவற்றையும் நான் ஒரு வருடமாகச் சேர்த்துச் சேர்த்து ஒரு ஆம்பளையைக் கட்டி எழுப்பியிருந்தேன். அந்த அறையில் இருந்ததெல்லாம் நீயும் உன் வெட்கமும் மட்டும்தான். அதைக் கொண்டுவந்து வைத்தது என் வாய்.

அன்று மாலையே உன் தங்கையைக் கூப்பிட்டேன். வழக்கம்போல ஸ்பீக்கரில் போடு, டாக்டர் இருக்கும் இடத்துக்குப் போ என்றேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டும். “அவ ஒரு வேளைகூட விடலை டாக்டர். மருந்தை வெயில்ல வச்சுக் கெடுத்தது நான். பொய் சொல்றான்னு அவளை இனிமே யாரும் சொல்லக் கூடாது” என்றேன். டாக்டர் குழாய்ப் பரிசோதனையை மூன்று வாரம் தள்ளிவைக்கிறேன், ஆஸ்பத்திரி மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறேன் என்றார். இதெல்லாம் நீயும் படுத்துக்கொண்டே கேட்டிருப்பாய். வண்டியில் ஏன் வைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததைத்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எண்ணாதே. தீரவில்லை. நீ அழுததை அவர் பார்த்திருக்கிறார். பதினேழு வருடத்தில் நீ என் எதிரில் இரண்டு தடவைதான் அழுதிருக்கிறாய், இரண்டும் உன் அப்பாவுக்காக. அந்த மனுஷன் நல்லவர் என்பது என் வயிற்றெரிச்சலைக் குறைக்கவில்லை, கூட்டித்தான் இருக்கிறது.

திட்ட வேண்டும் என்றால் தாராளமாகத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் கணவன்


புதன்கிழமை

என் அன்பானவளுக்கு,

இருபத்தேழு நாளாக உன்னிடமிருந்து எனக்கு ஒரு வரி இல்லை. மகளுக்கு மட்டும் முந்தாநாள் நான்கு பக்கம் வந்தது. அவள் அதை வாசற்படியில் உட்கார்ந்து படித்துச் சிரித்தாள், நடுவில் ஒரு இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். என்னடி எழுதியிருக்கா என்று கேட்டால், “எனக்கு வந்த லெட்டர்பா” என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பெற்ற பெண் மேலேயே வயிறு எரிகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடைசியில் மனம் இரங்கிக் கொஞ்சம் சொன்னாள். நாற்பத்தைந்தரை வந்துவிட்டாயாம். எண்ணெய் மிதப்பது நின்றுவிட்டதாம். குழாய்ப் பரிசோதனை இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார்களாம். சுரப்பி மறுபடி வளராது, மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, சர்க்கரையையும் அடிக்கடி பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். சாயங்கால வெளிச்சத்தில் உனக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் இருந்ததற்கும் இதுதான் காரணமாம், கொழுப்போடு சேர்ந்து விட்டமினும் வெளியே போயிருக்கிறதாம். நீ மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கு வாங்கி வைத்தபோது, ஏன் இத்தனை வெளிச்சம் என்று அலுத்துக்கொண்டவன் நான். எனக்கென்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயாம். ‘அப்பாவை வண்டியை நிழலில் நிறுத்தச் சொல்லு.’ இரண்டு நாளாக அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வதா அக்கறை என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் வண்டி ஓட்டுகிறேன். மரத்தடியில்தான் நிறுத்துகிறேன்.

உன் தங்கை வேறு ஒன்று சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதுதான் உனக்கு நல்லதாம், அவள் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறதாம், அங்கேயே ஒரு தையற்கடையில் சொல்லி வைத்திருக்கிறாளாம், மகளையும் அங்கே பள்ளியில் சேர்த்துவிடலாமாம். உன் சம்மதம் கேட்டாயிற்றா என்றேன். அக்கா யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கு என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உனக்கு எது நல்லது என்று சொல்கிற யோக்கியதை எனக்கும் இல்லை. அதனால் வா என்று எழுதமாட்டேன்.

இங்கே நடப்பதை மட்டும் எழுதுகிறேன். போன வாரம் நான் அந்தக் கடைக்கு மறுபடி போனேன், என் காலால்தான். முக்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். சாப்பாட்டில் எண்ணெய் கூடினால் மாத்திரையும் கூட வேண்டும், எத்தனை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், கடிக்கக் கூடாது, சூடான காப்பியோடு விழுங்கக் கூடாது, ஒரு பிஸ்கட் தின்றாலும் மறக்கக் கூடாது. எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இனி மருந்தை நீயே தெருமுனையில் வாங்கிக்கொள். எழுதும்போது பேனா நகர மாட்டேன் என்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். அவரிடம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. வீட்டுக்கு வந்து, அதில் பாதியாவது என்னிடம் சொல்ல முடியுமா என்று பார். மிதந்ததா, முங்கியதா, எத்தனை தடவை, எப்படி நாறியது, எதுவாக இருந்தாலும். எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்றால் அடித்துச் சொல்லிக்கொடு.

நேற்று ஒரு வேலை செய்தேன். நம் அறையின் மேற்குப் பக்க ஜன்னல் பெயிண்ட் அடித்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டு திறக்காமலே இருந்ததல்லவா. உளியை வைத்துச் சுற்றிலும் சுரண்டித் திறந்துவிட்டேன். ஒரு கதவில் கீறல் விழுந்துவிட்டது, நீ பார்த்தால் திட்டுவாய். இப்போது நல்ல காற்று வருகிறது. கட்டிலை ஜன்னல் பக்கமாக நகர்த்திப் போட்டிருக்கிறேன். எந்த நேரமும் திறந்தே வைத்திருக்கலாம், எனக்குக் குளிராது.

உன் உடம்பில் சோறு ஒட்டட்டும்.

உன்,
அவர்